எண்ணெயும் வெயிலும் என் இடது காதும்

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் வரும் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் நிறத்தைக் காரணம் காட்டி என்னை வேண்டாம் என்றார்கள். அதற்கு ஈடாக இயற்கை செய்து தந்த சலுகை இது என்பது என் கணக்கு.

சிறுநீரகம் மாற்றிய பிறகும் நம்பிக்கை மாறவில்லை. சிறுநீரகம் மனைவியுடையது. பக்கத்து வீட்டுக்குக் காபிப்பொடி கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்தாள். அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் நர்ஸிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, “அவருக்கு மூத்திரம் வந்துச்சா?” என்னைப் பற்றி யாரும் அவ்வளவு அன்பாக விசாரித்ததில்லை.

குளிர்காலம் வந்தால், வடக்கே தலைநகரின் துவாரகா பகுதியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி மொத்தமும் வெயிலுக்குக் குடிபெயர்ந்துவிடும். மற்றவர்கள் ஸ்வெட்டரோடு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்கள். நான் நம் ஊர் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். வழுக்கையிலும் காதிலும் நல்லெண்ணெய் மினுங்க, மொட்டைமாடியில் வடாம் மாதிரி காய்வேன். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த வெயில் க்ரீம் அலமாரியில் மூடி திறக்காமல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியின் விரல் என் இடது காதின் மேல் விளிம்பில் நின்றது.

“ஏங்க, போன மாசமே இந்தப் புண்ணு இருந்துச்சே. இன்னும் ஆறலையே?”

“கண்ணாடிக் கம்பி உரசுது.”

“கம்பி இங்கயா படுது? திங்கக்கிழமை டாக்டரைப் பாக்குறோம்.”

எனக்குத் திங்கள்வரை பொறுமை ஏது? செல்போனில் தேடினேன். உறுப்பு மாற்றியவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாம். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதுதான் காரணமாம். சாயங்காலத்துக்குள் மாலை போடுவதற்கான படம்கூடத் தேர்வு செய்துவிட்டேன், தலையில் முடி இருந்த காலத்துப் படம். மாத்திரை நேரம் வந்தபோது பெரிய விஞ்ஞானி தோரணையில் அறிவித்தேன்.

“இதை நிறுத்திட்டாப் புண்ணு ஆறிடும்.”

“நிறுத்துனா கிட்னி போயிடும்.”

“போனா என்னுதுதானே?”

“உள்ள இருக்கிறது என்னுதுங்க. உங்களுக்குக் கொடுத்தேன், சரி. கொல்றதுக்கா கொடுத்தேன்? வாயைத் தொறங்க.”

திறந்தேன்.

தோல் டாக்டர் ஒரு பஞ்சாபிப் பெண். காதை மட்டும் காட்டலாம் என்று போனவனை, உச்சந்தலை முதல் கால் விரலிடுக்கு வரை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அன்றைக்கென்று பார்த்துக் கிழிந்த பனியன். பக்கத்தில் நின்று என் மனைவி விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தாள்: முதுகு மச்சம் கல்யாணத்துக்கு முந்தியது, முழங்கால் தழும்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது, தோள் மரு போன வருடம் வந்தது. இத்தனை காலம் எண்ணெய் தேய்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் என் தோலைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அங்கிள்ஜி, உங்க மேப் பூரா ஆன்ட்டிகிட்ட இருக்கு” என்றார் டாக்டர்.

“கருப்புத் தோலுக்கு இது வராதே?” என்றேன், கடைசி முயற்சியாக.

“குறைவாத்தான் வரும். வராதுன்னு யார் சொன்னது?”

அதைச் சொன்னதே அவள்தான் என்பதுபோல நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் என் தோளைப் பிடித்திருந்த கை சில்லென்றிருந்தது. பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது, எனக்குத்தான் காட்டவில்லை.

பயாப்ஸியில் ஆரம்ப நிலைத் தோல் புற்று என்று வந்தது. காதை மரத்துப்போகச் செய்து அந்த விளிம்பை மட்டும் வெட்டி எடுத்தார்கள். டாக்டர்கள் கலந்து பேசி, கிட்னிக்காகச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்றை மாற்றினார்கள். இடது காது இப்போது வலது காதைவிடக் கொஞ்சம் சின்னது. சிறுநீரகம் வேலை செய்கிறது.