திட்டைத் தீவாக வைத்திருந்தவர்

கலங்கலைத் தாண்டும்போது ராஜமாணிக்கம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போகிற அந்தக் கல்வரிசையை அவர் செருப்புக் காலோடு கடந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பக்தி என்றார்கள் சிலர். வழுக்கும், அதனால்தான் என்றார்கள் சிலர். அவரையே கேட்டால், "கால் கேக்குது, கழட்டறேன்" என்பார்.

நீர்க்கட்டி வேலை அவருக்கு அப்பா வழியில் வந்தது. மதகைத் திறந்து மூடுவதும் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. கூடவே இன்னொன்றும் உண்டு. கலங்கல் வழியப்போகிறது என்றால், ஓடைக்கரையில் இருக்கும் கீழ்க்குப்பத்துக்கு அவரே நடந்துபோய் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். வேறு ஆளை அனுப்பக் கூடாது. சொல்ல வந்தவருக்கு முதல் வீட்டில் சோறு போடுவார்கள். அது அவருடைய அக்கா தாயாரம்மாளின் வீடு.

"தண்ணி வருதோ இல்லியோ, மச்சான் சோத்துக்கு வந்துட்டான் பாரு" என்பார் அக்காள் கணவர் ஆனந்தன்.

"ஊத்து பாவா, குழம்ப ஊத்திட்டுப் பேசு" என்பார் இவர்.

ஏரிக்கு நடுவே ஒரு திட்டு. பெரிய வயல்காரர் வீட்டுப் பிள்ளை குமரேசன், சென்னையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன், அதில் மூங்கில் குடில்கள் போட்டான். திருத்தணி மலையில் சாமி பார்த்த கையோடு பஸ் ஏறிவிடுகிறவர்களை ஒரு நாள் தங்கவைத்து, பரிசலில் ஏற்றி, களியும் கீரையும் போட்டு, அம்மையார்குப்பத்தில் தறி காட்டி அனுப்புவதாகத் திட்டம். பிளாஸ்டிக் கூடாது, பாட்டுப் பெட்டி கூடாது, வருமானத்தில் ஒரு பங்கு ஏரிக்கு. சொன்னபடியே செய்தான். சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள். நாரைகள் திரும்பி வந்தன. கீழ்க்குப்பத்துப் பெண்களுக்குச் சமையல் வேலை கிடைத்தது. ராஜமாணிக்கத்துக்குப் பச்சைச் சட்டையும் ரப்பர் பூட்சும் கொடுத்து, ஒகேனக்கல்லிலிருந்து வாங்கிவந்த பரிசலை ஓட்டச் சொன்னான். இதில் கெட்டது என்று எதைக் காட்டுவது? அவருக்கு இன்றும் தெரியவில்லை.

ஒரே குறை, பயிருக்குத் தண்ணீர் விட்டால் மார்கழிக்குள் ஏரி இறங்கிவிடும். திட்டு கரையோடு ஒட்டிக்கொண்டு சேறு சூழ்ந்த மேடாகிவிடும். வருஷக் கடைசியில் திருத்தணிப் படித்திருவிழாவுக்கு வருகிற கூட்டமோ தீவு என்று நம்பித்தான் வரும்.

"ஏரி நெறையும்போதே கலங்கல் மேல மணல் மூட்டை அடுக்கிட்டா தண்ணி நிக்கும்ண்ணா. வயலுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு" என்றான் குமரேசன்.

"பெரிய மழ வந்தா?"

"எடுத்துடலாம். அதுக்குத்தான நீங்க கீறீங்க."

அந்தச் சொல் அவருக்குப் பிடித்திருந்தது. பூட்ஸ் காலோடு நின்று அவரே அடுக்கினார்.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. கலங்கல் வழியவில்லை, அதனால் அவர் கீழ்க்குப்பத்துக்குப் போகவும் இல்லை. ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டில் ஆனந்தன் மடக்கினார். "இன்னா மச்சான், எங்கூட்டு சோறு மறந்துட்ச்சா? பச்ச சட்ட போட்டா பசிக்காதா?" காய்ந்து கிடந்த ஓடைக்குள்ளேயே குப்பத்து ஆட்கள் பள்ளம் தோண்டி மோட்டார் இறக்கியிருந்தார்கள், மாடு கட்டியிருந்தார்கள். ராஜமாணிக்கம் அதைப் பார்த்தார். மூட்டை இருக்கும்வரை ஓடைக்குள் இறங்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் வருஷம் ஆந்திரப் பக்கத்து மலைகளில் மழை பிடித்துக்கொண்டது. ஊரில் தூறல்தான். ஆனால் ஏரிக்கு வந்த தண்ணீர் செம்மண் நிறமாக வந்து மூட்டைகளின் விளிம்பைத் தொட்டது. குடில்கள் நிறைந்திருந்தன.

"நாளைக்கு எல்லாரும் கெளம்பிடுவாங்கண்ணா. ஒரு நாள் பொறுங்க" என்றான் குமரேசன்.

பொறுத்தார். பரிசல் தடையில்லாமல்தான் கரைக்குப் போய்வந்தது. குப்பம் நடக்கிற தூரம். ஆனால் போய்ச் சொன்னால், மூட்டையை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். நாளை எடுப்பதற்கு முன்னால் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

மறுநாள் காலை விருந்தாளிகள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூட்டைகள் மொத்தமாகப் போயின. பெரிய சத்தம் இல்லை. கலங்கல் பக்கம் தண்ணீர் சட்டென்று சரிந்தது. ஒரு பெண் அழகாக இருக்கிறது என்று போனில் படம் பிடித்தாள். ஓடையில் மோட்டாரைப் பார்க்க இறங்கியிருந்த ஆனந்தனை, இரண்டு ஊர் தள்ளி முட்புதரில் எடுத்தார்கள்.

கருமாதியில் தம்பி முறைக்கு அவர்தான் கோடிப் புடவை போட்டார். தாயாரம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன்டா நீ வந்து சொல்லல?"

"திட்டுல மாட்டிக்கினேன்க்கா. பரிசல் போவல."

அவள் நம்பினாள். யார் கேட்டாலும், "அவன் மாட்டிக்கினான், இல்லாங்காட்டி வந்திருப்பான்" என்று அவளே பதில் சொன்னாள்.

குமரேசன் முதலில் இனி மூட்டையே வேண்டாம் என்றான். ஒரு வருஷம் போனதும், பாதி உயரம் போதும் என்றான். மறுத்தால் ஊரில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், அன்றைக்குப் பரிசல் போனதும் வெளியே வரும். ராஜமாணிக்கம் அடுக்கிக் கொடுத்தார்.

தாயாரம்மாள் இப்போது திட்டில் சமைக்கிறாள். தினமும் அவளைப் பரிசலில் ஏற்றிப்போவது அவர்தான். இந்தக் கார்த்திகையில் தண்ணீர் மறுபடி சிவந்து வருகிறது. அவள் அதில் கையை விட்டுப் பார்த்தாள்.

"வந்துகினே கீதே. பசங்க ஓடையில மோட்டார் எறக்கிட்டானுங்க. எப்படா போற சொல்றதுக்கு?"

அவர் துடுப்பை மாற்றிப் பிடித்தார். குப்பத்துக்குப் போவது பெரிய காரியமில்லை. ஆனால் இவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அந்த முதல் வீட்டு வாசலில் எப்படி நிற்பது?

"போறேன்க்கா" என்றார். சொல்லவும் இல்லை, இன்னும் போகவும் இல்லை.