நடுப் பக்கங்களுக்கு ஒரு கிளிப்

மலேசியாவின் சிகாமட் ஊரில் என் மகனுக்கு, எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சையின் வரலாற்றுப் பாடத்துக்கு டியூஷன் எடுத்தவர் ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்காது. கறுப்புக் கிளிப்புகள்தான் இருக்கும்.

இரண்டாம் உலகப் போரை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஆரம்பித்ததற்கு ஐந்து காரணம், முடிந்ததற்கு ஐந்து விளைவு. இடையிலுள்ள பக்கங்களை ஒவ்வொரு பிள்ளையின் புத்தகத்திலும் சேர்த்துப் பிடித்து ஒரு கிளிப் மாட்டிவிடுவார். எந்தத் தளபதியும் இவ்வளவு சுருக்கமாகப் போர் நடத்தியதில்லை.

ஒருநாள் மகனை அழைத்துவரப் போனபோது கேட்டேன்.

"சார், அந்த நடுவுலதான் எங்க தாத்தாவ ரப்பர் தோட்டத்துலருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போனான். அதையும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கலாமே?"

"திரும்பி வந்தாரா?"

"இல்ல சார்."

"அப்ப காரணத்துலயும் சேராது, விளைவுலயும் சேராது. பரீட்சையில கேக்க மாட்டாங்க லா."

மகன் ஏ எடுத்தான். நன்றி சொல்லப் பழங்களோடு போனேன். அவர் உள்ளே போயிருந்த நேரத்தில், மேசையிலிருந்த அவருடைய புத்தகத்தைப் புரட்டினேன். அதில் கிளிப் இல்லை. காரணமும் விளைவும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. நடுப் பக்கங்களின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

வெளியே வந்தவர் என் கையில் புத்தகத்தைப் பார்த்தார். வாங்கி, பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து அந்தப் பக்கங்களுக்கு மாட்டினார்.

"தம்பி அடுத்து என்ன படிக்கப் போறாரு?" என்று கேட்டார்.