கூப்பிட்டதும் வந்த ஆடுகளும் ஊசியோடு நின்ற நானும்

கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் தொழிலில் ஊசி போடுவது கடைசி வேலை. அதற்கு முதல் அந்தச் சீவன் நம்மிடம் வந்து சேர வேண்டும். வராத மாட்டின் பின்னால் சேற்றில் ஓடியவர்கள், ஆட்டின் காலைப் பிடிக்கப்போய் முள்வேலியைப் பிடித்தவர்கள், கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டுத் திரும்ப எடுக்க முடியாமல் நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். இது உங்களுக்காகத்தான்.

நான் கல்முனையில் ஒரு மிருக வைத்தியரிடம் வேலை செய்கிறேன். ஊர் அவரை மாட்டு டொக்டர் என்கிறது, நான் வெறும் டொக்டர் என்பேன். கஷ்டமான பிரசவம், வெட்டுக்காயம் மாதிரிப் பெரிய காரியங்கள் அவருக்கு. பெட்டிக்குள் ஐஸ் போட்டு மருந்தை அடுக்கி, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் குத்திவிட்டு வருவது எனக்கு. என் குரல் பிறவியிலேயே மெல்லியது. வீட்டில் சோறு கேட்டால்கூட ரெண்டாம் தரமும் கேட்க வேண்டும். சேர்ந்த அன்று என் பெயரைச் சொன்னேன். டொக்டர் கதிரையில் இருந்து முன்னால் சாய்ந்து காதைக் கிட்டக் கொண்டுவந்தார். மறுபடியும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது: "தம்பி, மாடு என்னப் போல குனிஞ்சு கேக்காது."

மரியாதைக்கு வராத லெச்சுமி

முதல் கிழமை டொக்டரோடு தம்பிலுவிலுக்குப் போனேன். ஞானம்மாக்காவின் பசு லெச்சுமி, கடற்கரைப் பக்கம் மரமுந்திரிகை நிழலில் நின்றது. எங்களைக் கண்டதும் ஞானம்மாக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரலில் கூப்பிட்டார்: "லெச்சுமி, வாம்மா. டொக்டர் ஐயா வந்திருக்கார்." லெச்சுமி காதைக்கூட ஆட்டவில்லை. நானும் என் பங்குக்கு "ம்பா" என்றேன். பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்த ஞானம்மாக்கா, "ஐயா, ரெண்டு பேரும் ஒருக்காக் கடலப் பாத்து நில்லுங்க" என்றார். திரும்பி நின்றோம். முதுகுக்குப் பின்னால் வெடித்தது: "அடியே மூதேவி! ஆர்ர வளவில திண்டுபோட்டு நிக்கிறாய்? நீ வாறியா, நான் வரவா?" குளம்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், லெச்சுமி ஓட்டமும் நடையுமாக வந்து அவர் தோளில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கிறது. ஞானம்மாக்கா வெட்கத்தோடு சொன்னார்: "மரியாதையாக் கூப்பிட்டா, நான் வேற ஆரோ எண்டு நினைக்குது தம்பி."

எல்லா வீட்டுக் கோழிக்கும் ஒரே அழைப்பு

எங்கள் தெருவில் வேலிக்கு வேலி ஒட்டி வீடுகள். ஒரு மாமி தன் கோழிகளுக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து போட என்னை வரச்சொன்னார். ஒரு பிடி அரிசியை எறிந்து "பா, பா, பா, பா" என்றார். மாட்டுக்கு ஆளுக்கொரு சத்தம் இருக்கலாம். கோழிக்கு எங்கள் ஊர் முழுக்க ஒரே "பா, பா"தான். மாமியின் கோழிகள் வந்தன. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலிக்குக் கீழால் வந்தன. பின் வீட்டுச் சேவல் மதிலில் ஏறி, தலைவரைப் போல ஒருதரம் நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் குதித்தது. எது யாருடையது என்று கேட்டேன். திறந்த மருந்தை அன்றைக்கே முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும் என்றும் சொன்னேன். மாமி யோசிக்கவே இல்லை: "எல்லாத்துக்கும் விடு மகன், சாப்பிட வந்ததுகள மருந்தில்லாம அனுப்புற முறையில்ல."

கட்டாரில் இருந்து வந்த சத்தம்

சாய்ந்தமருதில் நஸார் காக்கா வீட்டில் சுல்தான் என்று ஒரு கிடாய். (அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள்.) குட்டியில் தாய் செத்துப்போக, போத்தல் பால் கொடுத்து வளர்த்தவர் காக்கா. பிறகு அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் எடுத்து, மனைவி ஷிபானா ராத்தாவோடு கதைத்து முடித்ததும், "டுர்ர்ர், வா மகன், வா" என்பார், "நானும் வாறன் வாறன்" என்பார். சுல்தான் படியேறி வந்து போனில் முகத்தை வைக்கும். ஷிபானா ராத்தா அதற்குத் தின்னப் பாண் துண்டு கொடுப்பார். ஊசிக்கு நான் போன அன்று சுல்தான் செங்கல் அடுக்கின் உச்சியில் ஏறி நின்றுகொண்டது. ராத்தா யோசித்துவிட்டு, காக்கா அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டார். "டுர்ர்ர், வா மகன்." சுல்தான் பறந்து வந்தது. நான் குத்தினேன். அடுத்த ஊசிக்கும் அதே வழிதான். என்ன லேசான வேலை என்று சந்தோஷப்பட்டேன்.

காக்கா லீவில் வந்த அன்று நான் பக்கத்து வீட்டில் ஒரு கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வேன் நின்றது. தோளில் பை தொங்கத் தொங்க, வாசல் கேற்றில் நின்றபடியே அவர் கூப்பிட்டார்: "டுர்ர்ர், வா மகன், வா!" சுல்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கிணற்றுக்குப் பின்னால் பாய்ந்து, அங்கிருந்து அவருடைய கைகளையே பார்த்தது. ஷிபானா ராத்தா என்னைப் பார்த்தார். நான் கன்றைப் பார்த்தேன். விஷயம் தெரிந்த பிறகும் காக்கா கோபிக்கவில்லை. லீவு முழுக்கப் பாண் கொடுத்து அதைத் திரும்ப வசப்படுத்தினார். எனக்குக்கூட ஒரு பொதி பேரீச்சம்பழம் தந்தார். ஆனால் அன்றைக்குக் கேற்றடியில் அவர் சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை: "நாளாந்தம் வாறன் வாறன் எண்டு சொன்னன் மெய்தான், ஊசியோட வாறன் எண்டு ஆருடா இதுக்குச் சொன்ன?"

கூப்பிட மாட்டேன் என்ற றஹுமா ராத்தா

பாலமுனையில் றஹுமா ராத்தாவின் புருஷன் முன்பு மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அந்த வீட்டின் அடுப்பு எரிவது ஆட்டுப்பாலாலும் குட்டி விற்ற காசாலும்தான். ஆடுகளை அவர் கட்டுவதில்லை. காலையில் வாய்க்கால் தாண்டி வயல் வட்டைப் பக்கம் போகும். பின்னேரம் ராத்தா பின்பக்கக் கேற்றில் நின்று, தொண்டைக்குள் இருந்து "ஹோய்ய்ய்" என்று இழுத்து, மறுகா நாக்கைச் சுழற்றி "ப்ளே, ப்ளே, ப்ளே" என்பார். எங்கே நின்றாலும் வந்துவிடும்.

பக்கத்து ஊர் மாடுகளுக்கு, ஆட்டுக்கும் தொற்றுகிற கால் வாய் நோய் வந்த செய்தி கிடைத்ததும், பாலமுனையை இந்தக் கிழமையே முடி என்றார் டொக்டர். ராத்தாவிடம் போனேன். ஊசி கட்டாயம் வேணும் என்றார், ஆனால் ஊசிக்காகக் கூப்பிட மாட்டேன் என்றார். கூப்பிடாமலே பிடித்துப் பார்த்தேன். ஆடுகளுக்கு அது நல்ல விளையாட்டு. விழுந்து எழும்பி, "நோய் வந்தா எல்லாம் போயிரும் ராத்தா" என்று கெஞ்சினேன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சொன்னார்: "மாரியில தண்ணி ஏறக்குள்ள வாய்க்காலுக்கு அங்கால நிக்கிறதுகள நீயா போய்க் கூட்டி வருவ? இந்தச் சத்தந்தான் மகன் என்ட கயிறு, இத ஊசிக்குத் தந்தா அறுந்து போயிரும்."

பகல் கள்ளன்

சுல்தான் கிணற்றடியில் நின்ற நிற்பைக் கண்டவன் நான். டொக்டரிடம் போய் யோசனை கேட்டேன். "அவவையும் ஊசியையும் அதுகள் ஒண்டாப் பாக்கப்படா, அவ்வளவுதான். அவ நல்லவவா இரிக்கட்டும், நீ கெட்டவனாப் போ" என்றார். அப்படியே செய்தோம். ராத்தா வழக்கம்போலக் கூப்பிட்டார், தவிடு வைத்தார், ஒவ்வொன்றாகத் தடவினார், பட்டிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவை தின்று முடித்து அசைபோடத் தொடங்கிய பிறகு, முன்பக்கத்தால் நான் போனேன். சிவப்பு ஹெல்மட்டைக் கழற்றவில்லை. வாளியைத் தட்டினேன். என் தொண்டையில் இருந்து வந்த அளவுக்கு "ஓய்! ஓய்!" என்று கத்தினேன். ஒன்று விடாமல் குத்தி முடித்தேன்.

அதோடு முடியவில்லை. ராத்தா விளக்குமாறோடு ஓடி வந்தார். "டேய் பகல் கள்ளா! என்ட புள்ளைகளுக்கு என்னடா செஞ்ச? போடா வெளியால!" ஆடுகள் எல்லாம் அவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்று என்னைப் பார்த்தன. விளக்குமாறு என் முதுகில் மெல்லத்தான் பட்டது, ஆனால் சத்தம் பலம். நடிப்பு என்று தெரியாத அக்கம்பக்கம் தடியோடு வந்துவிட்டது. ராத்தா என்னைத் தெருப்பக்கம் இழுத்துவந்து, மூச்சு வாங்கச் சிரித்து, ஆட்டுப்பால் தேத்தண்ணியும் கையில் தந்தார். பக்கத்து வீட்டு மஜீத் காக்கா தடியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "கள்ளனுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புற வீட்ட இன்டைக்குத்தான் காணுறன்."

தண்ணி ஏறிய நாள்

நோய் பாலமுனைக்கும் வந்தது, ஆனால் ராத்தாவின் பட்டிக்குள் வரவில்லை. மாரி தொடங்கியது. ஒரு பகல், மழைக்குள் போன் வந்தது: "மகன், அந்தச் செவத்தத் தொப்பியையும் போட்டுக்கிட்டுக் கெதியா வா." ஊசி கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் வாய்க்கால் கரை தெரியாமல் வட்டை ஒரே தண்ணி. அங்கால் ஒரு திட்டில் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. திட்டும் சிறுத்துக்கொண்டே வந்தது. ராத்தாவுக்கு இந்தக் கரையில் நின்று "ஹோய்ய்ய், ப்ளே, ப்ளே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போயிருந்தது. ஆடுகளுக்குக் கேட்டது. பதிலுக்குக் கத்தின. முன்காலைத் தண்ணியில் வைத்தன, எடுத்தன. ஆட்டுக்குத் தண்ணியென்றால் எவ்வளவு பயம் என்று அதைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். தோணி எடுக்க ஆள் போயிருந்தது. அது வரும்வரை திட்டு இருக்குமா என்பதுதான் கேள்வி.

"நான் முன்னால இழுக்கன், நீ பின்னால துரத்து" என்றார் ராத்தா. வாய்க்காலின் மேல்பக்கம் இருந்த பாலத்தால் அங்கால் போய், வரம்பைக் காலால் தேடித் தேடி, இடுப்பளவு தண்ணியில் திட்டுக்குப் பின்பக்கம் ஏறினேன். வாயைத் திறந்தேன். அவ்வளவு பெரிய "ஓய்" எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. முன்னால் நின்ற ஆடு திரும்பிப் பார்த்தது. சிவப்பு ஹெல்மட்டைக் கண்டது. அடுத்த கணம் தண்ணிக்குள் பாய்ந்தது. மற்றவையும் பாய்ந்தன. தண்ணியின் இழுவை அவற்றைச் சாய்த்துக்கொண்டு போனது. ராத்தாவின் கம்மிய "ப்ளே, ப்ளே" பக்கமே தலைகளைத் திருப்பித் திருப்பி நீந்தின. மஜீத் காக்காவும் இன்னும் சிலரும் தண்ணிக்குள் இறங்கி, காதில் பிடித்தும் கொம்பில் பிடித்தும் கரையேற்றினார்கள். கடைசிக் குட்டி தயங்கியது; ஹெல்மட்டை ஆட்டிக்கொண்டு ஓடினேன். அதுவும் போய்ச் சேர்ந்தது.

எல்லாம் வந்ததா என்று ராத்தா தொட்டுத் தொட்டுப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிலத்தில் குந்திய பிறகுதான், திட்டில் இன்னுமொரு சீவன் நிற்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. தோணி எனக்காகத்தான் வந்தது. கரைக்கு வந்து, நடுங்கிக்கொண்டே பட்டிப் பக்கம் ரெண்டு எட்டு வைத்தேன். ஆடுகள் கூட்டமாக எழும்பின. ராத்தா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் என்னைத் தடுத்தார்: "அல்லாஹ் உன்ன நல்லா வெப்பான் மகன், ஆனா இப்ப கிட்ட வராத, அதுகள் கொஞ்சம் காயட்டும்."

கூப்பிட்டால் ஆடு வர ஒருவரும் கண்டால் அது ஓட ஒருவரும் வேண்டிய இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த பங்குக்கு ஆயிரம் நன்றி, அந்த நன்றியைத் தூரத்தில் நின்று சொல்ல மட்டும்தான் ஆடுகள் அனுமதி தந்திருக்கின்றன.