ஆத்தாள் சொன்ன ஒன்பது மணி

மேனாம்பேட்டில் ஏரிக்கரைச் சரிவில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மதிலை ஒட்டி, எங்கள் புற்றம்மன் இன்றும் எழுந்தருளியிருக்கிறாள். கணினி வேலைக்கு விரையும் பிள்ளைகள் வண்டியை நிறுத்தாமலே ஒரு கையை மார்பில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவளும் அதை ஏற்றுக்கொள்கிறாள். வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள்தாம் என்னிடம் வியந்து கேட்பார்கள்: புற்றுக் கோயில் என்றால் மண்ணைத்தானே பிரசாதமாகத் தருவார்கள், இங்கே மட்டும் ஏன் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திக் குங்குமம் தருகிறீர்கள்? ஆத்தாளின் உத்தரவு என்பேன். அந்த உத்தரவு பிறந்தபோது நான் அருகிலேயே நின்றிருந்தேன்.

அக்காலத்தில் எங்கள் தெருவில் மனிதரைவிட ஆடுமாடுகளே மிகுதி. என் தாய்மாமன் மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடும் உத்தியோகத்தில் இருந்தார். தங்கல் எங்கள் வீட்டில். நாள்தோறும் பதிகம் பாடாமல் அடுப்பு மூட்டாத என் தாய்க்கு, திருநீற்றுக் கிண்ணத்தின் பக்கமே திரும்பாத அந்தத் தம்பி ஒருவரே மனக்குறை.

அந்த உத்தரவு பிறந்த ஆடிக்கு முந்தைய மழைக்காலத்தில் பால்காரரின் மாடுகள் இரண்டு அந்தச் சரிவில் விழுந்து இறந்திருந்தன. காலையில் மேய்ந்தவை மாலையில் வயிறு உப்பிக் கிடந்தன. மூக்கிலிருந்து கசிந்த கறுத்த இரத்தம் உறையவே இல்லை. தோலுரிக்கக் கத்தியோடு வந்தவர்களை மாமா விரட்டியடித்தார். இது அடைப்பான் நோய், அறுத்தால் கிருமி பரவும், இறைச்சியை வாயில் வைக்கவே கூடாது என்றார். கத்தி படாமல் ஆழக் குழி வெட்டிப் புதைக்கச் செய்து, சுற்றிலும் முள்வேலி போட்டார். இரத்தம் பட்ட மண்ணில் அக்கிருமி ஒரு தலைமுறைக்கும் உறங்கிக் கிடக்கும், மேய வரும் ஆட்டையும் ஆறாத காயத்தோடு அந்த மண்ணைத் தொடும் மனிதரையும் பற்றும் என்று வீடுவீடாகச் சொல்லிவைத்தார். ஊர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு, முள் நன்றாகக் காய்ந்ததும், கட்டுக்கட்டாக அடுப்பெரிக்க எடுத்துச் சென்றது.

ஆடி பிறந்தது. வேலியிழந்து கிடந்த அந்தப் புதைகுழி மேட்டின்மேல் கறையான்கள் அழகாக ஒரு புற்றைக் கட்டி எழுப்பியிருந்தன. எதிர்வீட்டு அத்தை ஒரு விடியலில் அதைக் கண்டு மஞ்சள் தெளித்துக் குங்குமம் இட்டார். அவ்வளவுதான், எங்கள் தெருவுக்கு ஓர் அம்மன் வந்துவிட்டாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கூழ் ஊற்றப் போகிறார்கள், பம்பைக்காரர் வரப் போகிறார், ஒலிபெருக்கி கட்டப் போகிறார்கள்! ஞாயிறன்று புற்று மண் எடுத்து எல்லாப் பிள்ளைகளின் நெற்றியிலும் பூசுவதென்று முடிவாயிற்று. முதல் பூச்சு எனக்கே. மிதிவண்டியிலிருந்து விழுந்து நெற்றியைச் சிராய்த்துக்கொண்டு, பக்கு உதிர்ந்து உதிர்ந்து நீர் கசிய நின்ற என்னை அத்தை தேர்ந்தெடுத்திருந்தார்.

"கண்ணு, ஆத்தா மண்ண வெச்சா நாளைக்கே காஞ்சிடும் பாரு."

மாமா என் நெற்றியையே பார்த்தார். மீண்டும் வீடுவீடாகப் புறப்பட்டார்.

"இன்னாபா நீ, ஆத்தா ஊட்டு மண்ணுல நோவு கீதுன்ற? வாய் அழுவிப் பூடும்!" என்றார் அத்தை.

"அண்ணாத்தே, அது போன வருசத்து மாடு. எப்பவோ மண்ணாப் பூட்ச்சி," என்று பால்காரர் ஆறுதல் சொன்னார்.

சனிக்கிழமை பகல், மாமா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "பிள்ள நெத்தியில அதப் பூசுனா இன்னா ஆவும்னு எனக்குத்தான் தெரியும்க்கா. ஒருத்தன் கேக்க மாட்றான்."

"நீ சொன்னா எவன்டா கேப்பான்? உன்னப் பாத்தா மாடே ஓடுது," என்றாள் அம்மா. "ஆத்தா வந்து சொன்னாத்தான் கேப்பாங்க."

மாமாவின் கவளம் வாய்க்கு அருகே நின்றுவிட்டது. அம்மா ஒன்றும் அறியாதவளாய் மோர் ஊற்றினாள்.

ஞாயிறு வந்தது. பம்பை முழங்கியது, வேப்பிலைத் தோரணம் ஆடியது, கூழின் மணம் தெருவெங்கும் பரவியது. அத்தை களைக்கொத்தை ஓங்கினார். நான் நெற்றியை நீட்டிக்கொண்டு முதல் ஆளாய் நின்றேன்.

"ஏய்ய்ய்!"

ஈர வேட்டி, நெற்றி முதல் வயிறு வரை திருநீறு, விரிந்த கண்கள். என் மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆடி வந்தார். பெண்கள் குலவையிட்டனர். பம்பைக்காரர் உற்சாகம் மிகுந்து இருமடங்காய் அடித்தார்.

"எவடி அவ, என் மடியில கொத்து வெக்கிறவ?"

அத்தையின் கையிலிருந்து களைக்கொத்து நழுவியது. "தாயே! தப்புத்தான் தாயே!"

"என் மண்ண எவனும் கிள்ளக் கூடாது! ஆடு மாடு இங்க மேயக் கூடாது! வேலி போடு! கம்பி வேலி போடு! முள்ளு வெச்சா திருடிகினு பூடறீங்கோ!"

பலர் தலை குனிந்தனர். அப்போது என் தாய் கை கூப்பி முன்னே வந்தாள். "தாயே, வாயில்லா ஜீவனுங்களுக்கு இன்னா வழி?"

"ஊசி! வருசா வருசம் ஊசி!"

பால்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்: "எப்ப இட்டுகினு வரணும் தாயே?"

"செவ்வாக்கெழம! காலைல ஒம்போது மணிக்கு! மத்தியானம் வந்தா நான் இருக்க மாட்டேன்!"

"புள்ளைங்க நெத்திக்கு இன்னா வெக்கிறது தாயே?" என்றாள் அம்மா.

ஆத்தாள் இதை எதிர்பார்க்கவில்லை போலும். ஒரு கணம் ஆடாமல் நின்றாள். "குங்குமம்!" என்றாள் பிறகு. "குங்குமம் போதும்! கையில கறுப்பாக் கொப்புளம் வந்தா, வலிக்கலன்னு சும்மா கெடக்காத! அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓடு!"

சொல்லி முடித்து மாமா தரையில் சாய்ந்தார். கற்பூரம் காட்டினார்கள். தம்பியின் காலில் முதலில் விழுந்தவள் என் தாய். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அன்பு பெருகிக் கண்ணீர் சொரிகிறாள் என்று கண்டு, அவளை அணைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

செவ்வாயன்று மாட்டாஸ்பத்திரி வாசல் திருவிழாவாயிற்று. கொம்புக்கு மஞ்சள், கழுத்துக்கு வேப்பிலை, ஆடுகளுக்குக்கூட நெற்றிப் பொட்டு. ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு குலவை. பால்காரர் ஊசியையே கும்பிட்டார். வெள்ளை அங்கியில் நின்ற மாமாவைப் பார்த்து மாடுகள் ஓடத்தான் செய்தன. மனிதர்கள் பிடித்து இழுத்து வந்தார்கள். வேலியும் அந்த வாரமே எழுந்தது. அதன் பிறகு எங்கள் தெருவில் அந்த நோய் வரவில்லை.

ஆத்தாளுக்கு ஆஸ்பத்திரி திறக்கும் நேரம் எப்படித் தெரிந்தது என்று நான் அன்று வியக்கவே இல்லை. உலகனைத்தையும் ஈன்றவளுக்கு ஒன்பது மணி தெரியாதா? இந்த வயதிலும் எனக்கு அதில் ஐயமில்லை. பிள்ளைகளைக் காக்க எந்த வாயால் பேசுவது என்பது அவள் திருவுள்ளம். மாமாவும் அதற்குரிய விலையைக் கொடுத்தார். அருள் வந்த உடம்பு என்று ஊர் விடவில்லை. வாழ்நாள் முழுவதும் திருநீறு பூசியே வேலைக்குப் போனார்.

எனக்கு விளங்காமல் இருந்தது வேறொன்று. ஒவ்வோர் ஆடியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா அந்த வேலியருகே நிற்பாள். கண்மூடித் தொழுவாள். பிறகு, "ஒம்போது மணிக்கு…" என்று தனக்குள் முணுமுணுப்பாள். உடனே முந்தானை முகத்துக்குப் போகும், தோள்கள் குலுங்கும். எத்தகைய பக்தி என் தாய்க்கு என்று உருகி, ஒவ்வொரு முறையும் அவள் கண்ணைத் துடைக்க என் கைக்குட்டையை நீட்டுவேன். அதைப் பார்த்ததும் அவள் தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கும்.