கோவையிலை பூசிய கரும்பலகை

தட்டாஞ்சாவடியில் இருபது பேருக்கு வேலை கொடுக்கும் லேத் பட்டறை என்னுடையது. படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. இன்று இன்ஜினியர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அதனால் பழைய மாணவர் கூட்டத்துக்குப் பள்ளித் தோழன் செல்வராசு அழைத்தபோது சந்தேகம்தான் வந்தது. பள்ளிக்கு இரும்பு கேட் கேட்பான்.

எங்கள் வகுப்பறையில் நுழைந்ததும் பச்சை வாசனை முகத்தில் அடித்தது. கோவையிலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகையில் பூசியிருந்தார்கள்.

அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மாலையில் கணக்கு வாத்தியார், வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பலகைக்குப் பூச என்னைத்தான் எழுப்புவார். முழங்கைவரை கரி ஏறிவிடும்.

“உனக்கு வந்த படிப்பு இதாண்டா” என்பான் செல்வராசு. வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பள்ளியை விட்டேன். வீட்டில் கஷ்டம் என்று ஊருக்குச் சொன்னேன்.

மறுபடி சிரிக்கத்தான் கூப்பிட்டானோ?

“எதுக்குடா இதெல்லாம்? இரும்பு கேட் வேணும்னா நேரா சொல்லிடு” என்றேன், பக்கத்தில் வந்து நின்ற செல்வராசிடம்.

“ஒண்ணும் வேணாம்டா. காலையில நான்தான் அரைச்சுப் பூசுனேன். கை கடுத்துப் போச்சு. அன்னிக்கு உன்னப் பாத்து சிரிச்சிருக்கக் கூடாது.”

நான் நம்பவில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நானே செல்வராசை நிறுத்தி, அவர்கள் வாட்சப் குரூப்பில் என் நம்பரைச் சேர்க்கச் சொன்னேன்.