நான் அனுப்பிய லொகேஷன்

ஒருத்தியைக் காட்டிக் கொடுத்தேன். வாய் தவறி அல்ல, தெரியாமலும் அல்ல. வேண்டுமென்றே செய்தேன்.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? ஏதோ ஒரு சின்னக் கடற்கரை ஊர். விடுமுறைக்கு மனைவியோடும் மகளோடும் கோயம்புத்தூரிலிருந்து போயிருந்தேன். மலிவான லாட்ஜ். 'கடல் தெரியும் அறை' என்றார்கள். குளியலறை வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றால் தெரிந்தது! பிசுபிசுத்த படுக்கை விரிப்பு, சூடாகாத தண்ணீர்... காலையில் எரிச்சலோடு கீழே இறங்கிப்போய் மேசையைத் தட்டினேன்.

உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஏனுங்க, செத்த நேரம் பொறுங்க. தண்ணி காஞ்சிட்டிருக்குதுங்க."

அந்தக் கடற்கரையில் இப்படிப் பேச யார் இருக்கிறார்கள்? துடைப்பத்தோடு வெளியே வந்தவள் சௌமியா. வெள்ளகோவில்காரி. என் தம்பிக்கு நிச்சயித்த பெண். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது வேறொருவனோடு போய்விட்டவள்!

பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போய்க் கைகூப்பி நின்றது யார்? நான். இரண்டு வருடமாக அந்த அவமானம் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. "மாமா... எங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. எங்கண்ணனுக வந்தா அவரக் கொன்னுபோடுவாங்க. ரெண்டு பேரும் இங்கதான் வேலை செஞ்சு பொழைக்கறோமுங்க. உங்க கால்ல வேணாலும் உளுகறனுங்க."

"நான் எதுக்கு அம்மணி சொல்றேன்? நீ நல்லாயிரு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்! நம்பினாள். என் மகளுக்கு ஒரு டம்ளர் பால் ஆற்றிக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்...

மாடியேறியதும் அவள் அப்பாவுக்கு லொகேஷன் அனுப்பினேன். உடனே அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக் கல்யாணம் நின்றிருந்தால் நீங்கள் மட்டும் அட்சதை போட்டு வாழ்த்தியிருப்பீர்களாக்கும்! உங்கள் யோக்கியதை எனக்குத் தெரியாதா?

அண்ணன்கள் அன்று மாலையே வந்துவிட்டார்கள். அவள் கணவனின் கையை முறித்துப் போட்டுவிட்டு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் அப்பா எனக்கு போன் செய்து அழுதார். "எங்க மானத்தக் காப்பாத்திக் குடுத்தீங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆமாம், நிமிர்ந்தது! அதை மறைக்க மாட்டேன்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தம்பியிடம் சொன்னேன். அவனுக்காகத்தானே செய்தேன்? இல்லை... அவனுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்தான். "அவளப் போத்தனூர்ல ரயிலேத்தி உட்டதே நாந்தானுங்ணா. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு எங்கிட்ட வந்து அளுதா. உங்ககிட்டச் சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா?"

மறுவாரமே தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

சௌமியாவை அப்பா வீட்டில்தான் வைத்திருக்கிறார்கள். கையில் போன் கிடையாது, வாசலைத் தாண்ட விடுவதில்லை. அந்தக் கை முறிந்தவன் காவல் நிலையத்துக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைகிறான் என்று கேள்வி. நான் ஒருநாள் காவல் நிலையம் போய், 'அவர்கள் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்ததை அவள் வாயாலேயே கேட்டேன்' என்று சொன்னால் போதும், அவளை விட்டாக வேண்டும்... போகவில்லை.

போன வாரம் அவள் அப்பா மறுபடி கூப்பிட்டார். "சௌமியாவுக்கு ஒரு எடம் பாத்துச் சொல்லுங்க. பழசு தெரியாத வெளியூர்க்காரங்களா இருந்தாத் தேவலைங்க" என்றார்.

"பாக்கறனுங்க" என்றேன்.