ஜன்னலைத் திறந்த அக்கா

திருப்பதியில் அலிபிரி சாலையிலுள்ள ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் நானும் நாகலாபுரத்து அக்கா ஒருவரும் துணிப்பைகளுக்கு அச்சடித்தோம். ஈர மையில் தூசி ஒட்டும் என்று முதலாளி ஜன்னலைத் திறக்க விடமாட்டார். ஒருநாள் மையைக் கரைக்கும் தின்னர் ஊற்றி ஸ்கிரீனைக் கழுவும்போது அதன் நெடியில் எனக்குத் தலை சுற்றியது. அக்கா என்னைத் தாங்கிப் பிடித்து வெளியே உட்காரவைத்தார். பிறகு உள்ளே போய் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்.

“தூசி வருமேம்மா,” என்றார் முதலாளி.

“வரட்டும் சார். பை வீணானா வேற அடிச்சிக்கலாம். இந்த வாடைய இழுத்துக்கினு நாங்க எத்தினி நாளு இருக்கறது? ஃபேன் மாட்டுங்க, அப்புறம் கழுவறோம்.”

அக்காவின் குரல் உயரவே இல்லை. அந்தத் துணிச்சல் எனக்கு வந்ததேயில்லை. அந்த வாரமே வாடையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்கள். மாட்டிய அன்று சாயங்காலம் தலைவலி இல்லாமல் வீடு திரும்பியது எனக்கே புதிதாக இருந்தது.